இடுப்பு வலியும் வெள்ளை அணுக்களும்



நம்மில் பலர் வீட்டு பீரோவுக்கு மேலே ஒரு பெரிய உறை இருக்கும். உள்ளே எம்.ஆர்.ஐ. ஃபிலிம், கூடவே ஒரு தாள். ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’, ‘எல்5-எஸ்1 தேய்மானம்’ என்று அதில் அச்சடித்திருக்கும். சொந்தக்காரர்களில் ஒருவர் டாக்டராகிவிட்டால் போதும், கல்யாண மண்டபத்துக்குக்கூட அந்த உறை வந்துவிடும். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் டியூப் லைட்டுக்கு நேரே ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தத் தாளில் இருப்பது பொய் இல்லை. ஜவ்வு பிதுங்கியிருப்பது உண்மை. உங்களுக்கு வலிக்கிறது என்பதும் உண்மை. அதனால்தான் இது என்று முடிச்சுப் போடுகிறோமே, அங்கேதான் சிக்கல். 1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி முதுகு வலியே வராத 98 பேரை அழைத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது பிதுக்கம் இருந்தது. 2015இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். அதாவது, அந்த வயதில் தேய்மானம் இல்லாதவர்தான் அபூர்வம்.

அப்படியானால் ஒரே மாதிரி ஃபிலிம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் நாற்று நடுகிறார், இன்னொருவர் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடக்கிறார். ஏன்? ஒரு வலி மூன்று வாரத்தில் தானாகப் போய்விடுகிறது, இன்னொன்று மூன்று வருடம் ஆனாலும் போவதில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பெரும் பங்கு எலும்பிலும் ஜவ்விலும் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது என்று கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி சொல்கிறது. நம் உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்கள்தான் வலியை மூட்டுகின்றன, அவைதான் அணைக்கவும் செய்கின்றன. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இது சின்ன விஷயம் இல்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் இடுப்பு வலியோடு இருந்தவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர். 2050க்குள் அது 84 கோடியைத் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள். மனிதர்களை முடக்கிப்போடும் நோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1934இல் பாஸ்டன் நகரத்தின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை சிகிச்சை நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை முதுகுத்தண்டுக் கால்வாயில் கிடைத்த குருத்தெலும்புத் துண்டுகளைக் கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, இது கிழிந்து வெளியே வந்த ஜவ்வு, நரம்பை அழுத்துகிறது, அதனால்தான் காலில் இழுக்கிறது என்று இவர்கள் நிறுவினார்கள். மிகப் பெரிய கண்டுபிடிப்பு. அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவ உலகம் முதுகை ஒரு இயந்திரமாகவே பார்த்தது. எங்கே தேய்ந்தது, எங்கே நசுங்கியது, எதை எடுக்கலாம், எதை முடுக்கலாம். ‘நரம்பு நசுங்கியிருக்கு’ என்று இன்று டீக்கடையில்கூடச் சொல்கிறோமே, அந்தப் பேச்சின் வேர் அங்கே இருக்கிறது.

இனி ஜவ்வைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கிற இந்த வட்டுக்கு வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே நீர் கோத்த வழவழப்பான கூழ். மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடுகள். வளர்ந்த மனிதனின் உடம்பில் ரத்தக் குழாய் நுழையாத உறுப்புகளில் இதுதான் மிகப் பெரியது. நடுக்கூழில் இருக்கிற செல்களுக்குச் சோறும் தண்ணீரும் அந்தத் தகடுகள் வழியாகக் கசிந்து வந்தால்தான் உண்டு. இதை மனிதர்களில் நேரடியாகக் காட்டியவர்கள் நம் கோயம்புத்தூர்க்காரர்கள். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவும் ரத்தத்தில் ஒரு சாயமருந்தை ஏற்றி, மணிக்கணக்கில் விட்டுவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்து, அது ஜவ்வுக்குள் எந்த வழியாக எவ்வளவு மெதுவாகப் போய்ச் சேர்கிறது என்று படம் பிடித்தார்கள். முதுகுத்தண்டு ஆய்வுக்கான சர்வதேசப் பரிசு 2004இல் அந்த வேலைக்குக் கிடைத்தது. 2013இல் அதே பரிசு மறுபடியும் அவர்களுக்கு வந்தது. ஜவ்வு வெளியே பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்ததில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு நார் வளையம் நடுவில் கிழியவில்லை, தகடு எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில்தான் பிய்ந்திருந்தது என்று கண்டார்கள். உலகம் பாடப் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்ததை மாற்றிய வேலை இது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது வேறு வருத்தம்.

தகடு பிய்ந்தால் என்ன? ரத்தம் நுழையாத இடம் என்றால் வெள்ளை அணுவும் நுழையாத இடம் என்று பொருள். குழந்தை கருவில் இருக்கும்போதே ஒதுக்கி மூடப்பட்ட அறை அது. போதாததற்கு, நடுக்கூழின் செல்கள் தங்கள் மேல் ஒரு புரதத்தை வைத்திருக்கின்றன. நெருங்கிவரும் வெள்ளை அணுவைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும் புரதம் அது. கண்ணிலும் விந்தகத்திலும் இதே ஏற்பாடு உண்டு. ஆகவே, நம் எதிர்ப்பாற்றலுக்கு நம் ஜவ்வின் உள்கூழ் பழக்கமில்லாத ஆள். சுவர் உடைந்து கூழ் வெளியே வந்தால், வெள்ளை அணுக்கள் அதை உடம்பின் சொந்தப் பொருளாகப் பார்ப்பதில்லை. அந்நியன் புகுந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. 1960களிலேயே முயல்களை வைத்து இப்படி ஒரு கருத்தைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இயந்திரப் பார்வை ஓங்கியிருந்த காலம், யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

காதில் வாங்க வைத்தது 1993இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த ஒரு பரிசோதனை. செல் ஓல்மார்க்கர் என்பவரின் குழு செய்தது. பன்றியின் ஜவ்விலிருந்து உள்கூழைக் கொஞ்சம் எடுத்தார்கள். அதே பன்றியின் முதுகுத்தண்டுக் கால்வாயைத் திறந்து, நரம்பு வேர்களின் மேல் அந்தக் கூழை வைத்தார்கள். கவனியுங்கள், வைத்தார்கள், அவ்வளவுதான். அழுத்தவில்லை, நசுக்கவில்லை, கட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, வேறு பன்றிகளுக்கு அதே இடத்தில் கொழுப்பை வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், கொழுப்பு வைத்த நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கூழ் வைத்த நரம்பில் மின்செய்தி ஓடும் வேகம் குறைந்திருந்தது, நுண்ணோக்கியில் நார்கள் சேதமடைந்திருந்தன. நசுங்காமலே நரம்பு கெட்டுப்போகும் என்பது அன்றைக்கு நிரூபணமாயிற்று. 1998இல் அதே ஊரிலிருந்து அடுத்த செய்தி. இந்தச் சேதத்துக்குப் பின்னால் டி.என்.எஃப். என்ற ஒரு புரதம் இருக்கிறது. வெள்ளை அணுக்கள் அழற்சியைக் கிளப்பிவிட ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் தூதுப் பொருள்களில் இது முக்கியமானது. அதைத் தடுத்தால் நரம்பின் சேதமும் பெருமளவு தடுக்கப்பட்டது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை வரும், இரண்டு முறையும் வேறு வேடத்தில் வரும்.

இதற்கிடையே 1997இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். நல்ல ஜவ்வில் நரம்பு வெளிவளையத்தோடு நின்றுவிடும். நாள்பட்ட வலிக்காக வெட்டி எடுத்த ஜவ்வுகளில் அது ஆழம்வரை வளர்ந்து போயிருந்தது. அழற்சியோடு ரத்தக் குழாய் உள்ளே போகிறது, அதைப் பிடித்துக்கொண்டு நரம்பும் போகிறது. வலியே உணராத ஓர் இடம் வலி உணரக் கற்றுக்கொள்கிறது. தேய்மானம் எல்லோருக்கும் வந்தும் வலி சிலருக்கு மட்டும் வருவதற்கு இது ஒரு காரணம்.

இதுவரை கேட்டால், வெள்ளை அணுக்கள்தான் வில்லன், அவற்றை அடக்கிவிட்டால் வலி போய்விடும் என்று தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. டி.என்.எஃப்.பைக் கட்டிப்போடும் மருந்து ஏற்கனவே மூட்டுவாதத்துக்குச் சந்தையில் இருந்தது. பின்லாந்தில் சியாட்டிகா, அதாவது காலில் இழுக்கும் அந்த நரம்பு வலி, உள்ள 10 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளிவந்த முடிவு பிரமாதம். பிறகு 40 பேரை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு மருந்து, மற்ற அணிக்கு வெறும் உப்புநீர் என்று முறையாகச் சோதித்தார்கள். ஒரு வருடம் பார்த்தும் இரண்டு அணிக்கும் வித்தியாசம் இல்லை. உப்புநீர் ஏறியவர்களும் அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

மருந்து தோற்றது என்பதைவிட, உப்புநீர்க்காரர்கள் எப்படித் தேறினார்கள் என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. அவர்களைத் தேற்றியவையும் வெள்ளை அணுக்கள்தான். வெளியே வந்து விழுந்த ஜவ்வுத் துண்டைச் சுற்றிப் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவற்றின் வழியே மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளை அணுக்கள் வந்து இறங்குகின்றன. இவற்றுக்குத் தமிழில் பெருவிழுங்கிகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலைக்கேற்ற பெயர். அவை டி.என்.எஃப்.பைச் சுரக்கின்றன. அதைக் கேட்டு ஜவ்வின் செல்கள் தம்மையே கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அந்த நொதிகள் இன்னும் பல மேக்ரோஃபேஜ்களை வரவழைக்கின்றன. வந்தவை துண்டைக் கரைத்து விழுங்குகின்றன. 2000இல் எலிகளை வைத்து இந்தச் சங்கிலியை அவிழ்த்துக் காட்டினார்கள். டி.என்.எஃப். இல்லாவிட்டால் அந்தத் துண்டு கரைவதற்கே வழியில்லை. நரம்பைக் கெடுத்த அதே பொருள், இப்போது நரம்பை விடுவிக்கிற வேலையில்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. 2015இல் தொகுத்த கணக்கைச் சொல்கிறேன். முழுதாகக் கழன்று தனித் துண்டாக விழுந்த ஜவ்வு தானாகச் சுருங்குவது 96 சதவீதம். கழலாமல் வெளியே நீண்டு நிற்பது 70 சதவீதம். லேசான பிதுக்கம் வெறும் 13 சதவீதம். ஃபிலிமில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் அதிகம் கரைகிறது! காரணம் எளிது. லேசான பிதுக்கம் இன்னும் சுவருக்குள்ளேதான் இருக்கிறது, மேக்ரோஃபேஜின் கை அங்கே எட்டவில்லை. ‘ஜவ்வு வெளியே வந்துடுச்சு, உடனே ஆபரேஷன்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆறு வாரம் பொறுக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் பொறுக்கலாம். ஆனால் சிறுநீர் போக முடியவில்லை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போகிறது, கால் தொங்கிப்போகிறது என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. அன்று இரவே ஆஸ்பத்திரி.

அடுத்து வருவது இன்று நான் அதிகம் பேச விரும்பும் விஷயம்.

நம் ஊரில் இடுப்பு பிடித்துக்கொண்டால் என்ன செய்கிறோம்? குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை, ஆட்டோ வைத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போகிறோம். உள்ளே போனதும் முதல் வசனம், ‘டாக்டர், ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்.’ தினக்கூலிக்காரர் அப்படிக் கேட்பதில் தப்புச் சொல்ல முடியாது. ஊசி போடாத டாக்டருக்கு அடுத்த வாரம் கூட்டம் இருக்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் என்ற அழற்சி அடக்கி. பல இடங்களில் கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேரும். வலி மாயமாகிவிடும். கைராசிக்கார டாக்டர் என்று பெயரும் வந்துவிடும்.

2022இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து லூடா டயாச்சென்கோ, ஜெஃப்ரி மோகில் முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாக இடுப்பு வலி வந்த 98 பேரிடம் வந்தவுடன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்களுக்குள் எந்தெந்த மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டிருக்கின்றன என்று பார்த்தார்கள். மூன்று மாதத்தில் வலி போனவர்களின் ரத்தத்தில் தொடக்கத்தில் அழற்சி மரபணுக்கள் கொழுந்துவிட்டு எரிந்து, பிறகு அடங்கியிருந்தன. ஆயிரக்கணக்கான மரபணுக்களில் மாற்றம். அதை முன்னின்று நடத்தியது நியூட்ரோஃபில். உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘பாலிமார்ஃப்ஸ்’ என்று எழுதி பக்கத்தில் 60, 65 என்று போட்டிருப்பார்களே, அதுதான். சரி, வலி போகாமல் நின்றுவிட்டவர்களின் ரத்தத்தில்? தொடக்கத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையே சொல்லும்படியான மாற்றமே இல்லை. எல்லோரும் நினைத்தது, அழற்சி அதிகமானவர்களுக்குத்தான் வலி நிலைத்துவிடும் என்று. நடந்தது தலைகீழ். அழற்சி சரியாக எழும்பாதவர்களுக்குத்தான் வலி நிலைத்தது.

கல்யாண வீட்டுச் சமையல்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலமே வந்து இறங்குவார்கள். கோட்டை அடுப்பு, புகை, சத்தம், யாரும் கொல்லைப்புறம் போக முடியாது. மறுநாள் பந்தி முடிந்ததும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர்களே போய்விடுவார்கள். புகை தாங்கவில்லை என்று ராத்திரியே அடுப்பில் தண்ணீரை ஊற்றினால் புகை நிற்கும், அரிசி அரை வேக்காட்டில் நிற்கும். நியூட்ரோஃபில் அப்படி வந்து, ஓரிரு நாளே வாழ்ந்து, அடுத்து வரும் அணுக்களுக்கு வேலையைக் கைமாற்றிவிட்டுச் சாகிற அணு.

அந்த மெக்கில் குழு அடுத்துச் செய்ததுதான் நம் தெருமுனை கிளினிக்குக்கு நேராக வருகிறது. எலிகளுக்கு அழற்சியை உண்டாக்கி, சிலவற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். என்ன மருந்து தெரியுமா? டெக்ஸாமெத்தசோன், டைக்ளோஃபெனாக். இரண்டும் வலியை உடனே குறைத்தன. ஆனால் மருந்து பெறாத எலிகளுக்கு வலி போன பிறகும், இவற்றுக்குப் பல வாரம் வலி நீடித்தது. அழற்சியைத் தொடாமல் வலியை மட்டும் மறைக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது இப்படி நீளவில்லை. நியூட்ரோஃபில்களை நீக்கினால் வலி நீண்டது. நியூட்ரோஃபில்களையோ அவை சுரக்கும் இரண்டு புரதங்களையோ உள்ளே செலுத்தினால் வலி நீளாமல் தடுக்கப்பட்டது. பிறகு பிரிட்டனில் ஐந்து லட்சம் பேரின் உடல்நலத் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் தொகுப்பைப் புரட்டினார்கள். புதிதாக முதுகு வலி வந்தபோது அழற்சி அடக்கி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வலி நாள்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பாராசிட்டமால் சாப்பிட்டவர்களிடம் அப்படித் தெரியவில்லை.

இங்கே நான் ஒரு பிரேக் போட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே ‘வலி மாத்திரை விஷம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். எலி மனிதன் இல்லை. பிரிட்டன் கணக்கும் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததுதான். அதிகம் வலித்தவர்கள் அதிகம் மாத்திரை சாப்பிட்டிருக்கலாம். மனிதர்களை இரண்டு அணியாகப் பிரித்துச் செய்யும் முறையான சோதனைதான் இதை முடிவுகட்டும். உலக வழிகாட்டு நெறிகள் இன்றைக்கும் குறுகிய காலத்துக்கு அந்த மாத்திரைகளை அனுமதிக்கின்றன. பாராசிட்டமால் மட்டும் பெரிய சாமி என்றும் எண்ண வேண்டாம். 2014இல் ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் சோதித்ததில், அதைச் சாப்பிட்டவர்களும் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டரை வாரத்துக்குள், எழுந்து நடந்தார்கள்.

ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவதற்கு நியாயம் எப்போதுமே இருந்ததில்லை, இந்த ஆய்வுக்குப் பிறகு சுத்தமாக இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு அது ஒரே ராத்திரியில் சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக்குக்கும் நியாயம் இல்லை. இதே மருந்தை மாடுகளுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகி, இந்த நாட்டில் அந்த இனமே கிட்டத்தட்ட அழிந்துபோனது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதச் சிறுநீரகமும் இரும்பால் செய்ததில்லை. இரண்டு மூன்று நாள் தாங்க முடியாத வலிக்கு மாத்திரை எடுத்துக்கொள்வது வேறு. பழக்கமாக்குவது வேறு.

மூளைக்குள்ளும் இந்தக் கதை நடக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். நரம்பு மண்டலத்துக்கென்று தனியாகக் காவல் செல்கள் உண்டு, மைக்ரோகிளியா என்பது அவற்றில் முக்கியமானது. 2015இல், மிக்ஸ்டரும் பாரும் வேலை செய்த அதே மருத்துவமனையில், மார்கோ லோஜியா என்பவரின் குழு நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களின் மூளையைச் சிறப்பு ஸ்கேன் எடுத்தது. தலாமஸ் என்ற பகுதியில் இந்தச் செல்கள் விழித்துக்கொண்டிருந்தது பளிச்சென்று தெரிந்தது. அங்கும் ஒரு புதிர். அந்த ஸ்கேன் ஒளிர்வு அதிகம் இருந்தவர்களுக்கு வலி குறைவாகவே இருந்தது. ஆக, அங்கேயும் இவை வலியைக் கிளப்புவதோடு நிற்கவில்லை, அடக்கவும் முயல்கின்றன போலிருக்கிறது. அதே ஆண்டு மோகிலின் குழு இன்னொன்றைச் சொன்னது. ஆண் எலிகளில் வலியை நீட்டிக்கும் வேலையை மைக்ரோகிளியா செய்கிறது, பெண் எலிகளில் அதை டி அணுக்கள் என்ற வேறொரு வகை வெள்ளை அணுக்கள் செய்கின்றன. பல காலமாக வலி ஆராய்ச்சியை ஆண் எலிகளிலேயே செய்துவிட்டு மருந்தை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். நம் வீட்டுப் பெண்கள் ‘எனக்கு இந்த மாத்திரை கேக்கவே மாட்டேங்குது’ என்றால் அதைப் புலம்பல் என்று ஒதுக்குவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

வெள்ளை அணுக்கள் உண்மையாகவே தப்புச் செய்கிற இடுப்பு வலியும் ஒன்று உண்டு. அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். வயது இருபதுகளில் ஆரம்பிக்கும். எந்தப் பாரமும் தூக்கியிருக்க மாட்டார். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வலி எழுப்பிவிடும். எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைப்பாக இருக்கும். நடமாடினால் குறையும், படுத்து ஓய்வெடுத்தால் கூடும். சாதாரணப் பிடிப்புக்கு நேர் எதிர். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஃபோன் பார்த்துப் பார்த்து முதுகு வலி’ என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே பல ஆண்டுகளை இழந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் தனித்தனியாக ஒரே கண்டுபிடிப்பைச் செய்தார்கள். இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக் கூறு இருக்கிறது. அது இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, வந்தவர்களிடம் அநேகமாக அது இருக்கிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் வெள்ளை அணுக்கள் கூடி எலும்பை அரிக்கின்றன. அரித்த இடத்தில் புது எலும்பு முளைத்து, கடைசியில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு மூங்கில் கழி போலத் தெரியும் என்று மருத்துவப் புத்தகங்கள் எழுதும்.

இங்கே டி.என்.எஃப். தடுப்பு மருந்து வேலை செய்கிறது, நன்றாகவே செய்கிறது. சியாட்டிகாவில் தோற்ற அதே மருந்து. வலிக்கிற இடம் ஒன்றுதான், உள்ளே நடக்கிற சங்கதி வேறு. வந்த காலத்தில் எட்டாத விலையில் இருந்தது. இப்போது உள்நாட்டிலேயே தயாராவதால் ஓரளவு இறங்கியிருக்கிறது. மருந்தோடு தினசரி உடற்பயிற்சியும் கட்டாயம், அது சிகிச்சையின் பாதி.

இந்த மருந்தைத் தொடங்கும் முன் நம் நாட்டு மருத்துவர் ஒரு சோதனை செய்யாமல் விடமாட்டார். உள்ளே காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்ற சோதனை. ஏனென்றால், காசநோய்க் கிருமியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்களும் டி அணுக்களும் வட்டம் கட்டி, அதை அசையவிடாமல் பல வருடம் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த வட்டம் கலையாமல் இருப்பதற்குக் காரணம் டி.என்.எஃப். நான் சொன்ன இரண்டாவது வேடம் இது. மருந்து கொடுத்து அதைத் தடுத்தால் வட்டம் கலைகிறது, கிருமி வெளியே வருகிறது. 2001இல் இந்த மருந்துக்குப் பிறகு காசநோய் கிளம்பிய 70 பேரின் விவரங்கள் அமெரிக்காவில் வெளிவந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. இடுப்பு வலிக்கு அடிக்கடி ஸ்டீராய்டு போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. காசநோயே முதுகெலும்பில் உட்கார்ந்துகொண்டு வலியாக வெளிப்படும்போது அது இரட்டை ஆபத்து. ஸ்டீராய்டு வலியைக் குறைத்துக் காட்டும், கிருமி உள்ளே எலும்பைத் தின்றுகொண்டிருக்கும்.

முதுகெலும்புக் காசநோயை 1779இல் லண்டனின் பெர்சிவல் பாட் விவரித்தார். முதுகு கூன் விழுந்து, கால் செயலிழந்து வந்த நோயாளிகளைப் பார்த்து எழுதியது. இன்று அந்த நிலை வரவேண்டியதே இல்லை. நுரையீரல் காசநோய்க்கு மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம். இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது இருக்கிறது. முதுகெலும்புக் காசநோய்க்கும் சென்னையில் சோதனைகள் நடந்தன. பெரிய அறுவை சிகிச்சை இல்லாமல், மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தாமல், மாத்திரையாலேயே பெரும்பாலோரைக் குணமாக்கலாம் என்று அவை காட்டின.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இடுப்பு பிடித்துக்கொண்டால் முதல் நாளே ஸ்கேனுக்கும் ஊசிக்கும் ஓடாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், முடிந்த அளவு நடமாடுங்கள், இரண்டு மூன்று வாரம் உங்கள் வெள்ளை அணுக்களுக்கு அவகாசம் கொடுங்கள். ஊசிதான் என்று டாக்டர் சொன்னால், ‘இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?’ என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம்.